குளிர் காய்ந்த நாட்கள்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் சென்னை மாநகரத்தில் ஒரு வேடிக்கை நடப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். விடியற்காலையில் கடற்கரைக்கு உலாவப் புறப்படும் பெரியவர்கள் தலைக்குக் கம்பளிக் குல்லாயும், கழுத்துக்கு மப்ளரும், காதுக்குப் பஞ்சும் அணிந்து காட்சி தருகிறார்கள். ஒருவரையொருவர் எதிர்ப்பட்டால், "இந்த வருஷம் குளிர் ரொம்ப அதிகம், ஸார்!" என்று சொல்லிக் கொள்ளாமல் விலகுவதில்லை. அந்த வேளையில் உஷ்ணமானியை எடுத்துப் பார்த்தால் அது 21 டிகிரி சென்டிகிரேடு காட்டும். பூமியின் வடபாகத்தில் இதே 21 டிகிரி வந்துவிட்டால் ஜனங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்தரையில் படுத்து வெயில் காய்வார்கள்!

இதை நாம் பரிகாசமாகச் சொல்லவில்லை. சூடும் குளிரும் அவரவர் பழக்கத்தைப் பொறுத்தவை. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் முன்னோர் அஞ்சியது புல்நுனியில் நிற்கும் பனித்துளியைத்தான். ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து, அவற்றில் முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே கொடுத்த பாஷை நம்முடையது. ஆயினும் வானத்திலிருந்து பஞ்சுபோல் உதிர்ந்து முழங்கால் உயரத்துக்குக் குவியும் அந்த வெள்ளைப் பொருளுக்கென்று தனியே ஒரு சொல் நமது பேச்சு வழக்கில் இல்லை. வெண்பனி என்று நாம் எழுதுகிறோம். பிள்ளைகள் ஸ்நோ என்கிறார்கள். காணாத பொருளுக்குப் பெயர் எதற்கு என்று தமிழன்னை சும்மா இருந்துவிட்டாள் போலும்.

அந்தப் பொருளோடு இரண்டு குளிர்காலங்கள் சேர்ந்து வாழும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. 2002ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக்குப் போய், 2004ஆம் ஆண்டு கோடை வரையில் கேம்பிரிட்ஜ் நகரில் தங்கியிருந்தோம். இது பாஸ்டன் மாநகரத்துக்கு எதிர்க்கரை. நடுவே சார்லஸ் என்ற நதி ஓடுகிறது. ஓடுகிறது என்பது கோடைக்குத்தான் பொருந்தும். ஜனவரி மாதத்தில் அந்த நதியின் மேற்பரப்பு உறைந்து, வெள்ளை ஜமக்காளம் விரித்தது போல் அசையாமல் கிடக்கும். இன்று நாற்பது வயதைக் கடந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் போதித்துக் கொண்டிருக்கிறோம். கலாசாலையில் கேட்ட பிரசங்கங்களில் பாதிக்குமேல் மறந்துபோயிற்று. ஆனால் அந்தக் குளிரில் ஒரு மணி நேரங்கூட மறக்கவில்லை.

* * *

முதன்முதலாக வெண்பனி பெய்ததும் நமக்கு வியப்பளித்தது அதன் வெண்மையன்று, அதன் மௌனமே. மழை நம்மிடம் சொல்லிக்கொண்டு வரும் விருந்தாளி. ஓட்டின்மேல் தாளம் போட்டுக்கொண்டும், தகரத்தின்மேல் மேளம் கொட்டிக்கொண்டும் வரும். வெண்பனியோ இரவில் அரவமில்லாமல் வந்து, காலையில் ஜன்னலைத் திறந்தால் ஊரையே எடுத்துக்கொண்டு போயிருக்கும். வேலி எது, படி எது, நேற்று நிறுத்திய சைக்கிள் எது என்று தெரியாது. அதற்கும் மேலாக, ஊரின் சப்தத்தையும் அது விழுங்கிவிடும். புதிதாய் விழுந்த வெண்பனியின் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்த துவாரங்கள் எண்ணற்று இருப்பதால், பஞ்சுமெத்தை போல் அது ஒலியை உறிஞ்சிக் கொள்கிறது. நமது தெருக்களின் ஒலிபெருக்கிகளுக்கிடையே பிறந்து வளர்ந்த செவிக்கு அந்த நிசப்தம் முதல் நாளில் அச்சத்தையும் இரண்டாம் நாளில் ஆனந்தத்தையும் கொடுத்தது.

நாம் குடியிருந்தது அந்த வட்டாரத்துக்கே உரிய மூன்றடுக்கு மர வீடு ஒன்றில், நடு மாடியில். கூட இருந்தவர்கள் மூவர்: விஜயவாடாக்காரர் ஒருவர், புனாக்காரர் ஒருவர், கல்கத்தாக்காரர் ஒருவர். ஒரு வீட்டுக்குள் நான்கு மாகாணங்களை அடைத்துவிட்டால் பாஷைச் சண்டை வரும் என்று நினைப்பீர்கள். வந்தது பாஷைச் சண்டையன்று, உஷ்ணச் சண்டை! வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்குப் பணம் நால்வரும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். சுவரிலிருந்த முள்ளை ஒரு டிகிரி உயர்த்தினால் மாதக் கடைசியில் சீட்டும் உயரும். வங்காள நண்பர் உயர்த்துவார்; மராட்டிய நண்பர் தாழ்த்துவார்; ஆந்திர நண்பர் இருவருக்கும் நடுவே சமாதானம் பேசிவிட்டு, அவர்கள் தூங்கியபின் தம் இஷ்டப்படி வைத்துக்கொள்வார்.

கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. படுக்கையறைகளைக் குளிரவே விட்டுவிட்டு, மாலை வேளையில் நால்வரும் சமையலறையிலேயே உட்காருவது என்று முடிவு செய்தோம். அடுப்பு எரியும், அதற்குச் செலவு எப்படியும் உண்டு, அந்தச் சூட்டை ஏன் வீணாக்க வேண்டும்? டிசம்பர் மாதத்தில் அங்கே மாலை 4¼ மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதன்பின் உள்ள நீண்ட இரவை ஒரே மேஜையைச் சுற்றி, ஒரே விளக்கின்கீழ் நால்வரும் கழித்தோம். ஒருவர் கணக்குப் போடுவார். ஒருவர் குழம்பைக் கிளறுவார். ஒருவர் தம் ஊர் மாம்பழத்தின் பெருமையைப் பேசி மற்ற மூவரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார். தோசை மாவு அந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் பொங்காது. ஆகையால் மாவுப் பாத்திரத்தை ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்து, அடுப்பை மூட்டாமல் அதன் சிறு விளக்கை மட்டும் ஏற்றிவைத்து, குழந்தைக்குத் தொட்டில் காப்பது போல் காத்திருப்போம். தேங்காயெண்ணெய் அக்டோபரில் கல்லானால் ஏப்ரலில்தான் கரையும். மிளகு ரசத்தை டம்ளரில் ஊற்றி இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு, குடிப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் வெறுமனே பிடித்துக்கொண்டிருப்பதில் உள்ள சுகத்தைச் சென்னைவாசிக்கு எப்படி விளக்குவது?

தமிழில் 'குளிர் காய்தல்' என்று ஓர் அழகான தொடர் உண்டு. தீயருகில் இருப்பதைச் சொல்லும்போதும் பெயரைக் குளிருக்கே கொடுத்திருக்கிறார்கள். குளிர் இல்லாவிட்டால் நால்வரும் நான்கு அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்போம். நம்மை ஒரு குடும்பமாக்கியது அந்தக் குளிர்தான்.

* * *

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 தேதிகளில் அடித்த பனிப்புயலை அந்த ஊரார் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பாஸ்டன் நகரில் 27 அங்குலத்துக்குமேல் வெண்பனி குவிந்தது. ஒரே புயலில் அத்தனை விழுந்ததாக அதற்கு முன் அந்நகரத்துப் பதிவேட்டில் இல்லை. சாதாரணமாகப் பத்து அங்குல வெண்பனி உருகினால் ஓர் அங்குல மழைநீர் கிடைக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் இது நமது ஐப்பசியின் ஓரிரவு மழைதான். ஆனால் மழை வடிந்து ஓடிவிடும். இது வாசலிலேயே உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு முன்னுள்ள நடைபாதையை வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டுமென்பது அங்கே நகரசபை விதி.

நமது வீட்டின் கீழ்த்தளத்தில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வசித்தார். அதுவரையில் அவருக்கும் நமக்கும் காலை வந்தனத்துக்குமேல் பேச்சில்லை. புயல் ஓய்ந்த அன்று காலை, நால்வரும் பனி வாரும் மண்வெட்டிகளோடு இறங்கி, அவருடைய வாசற்படியிலிருந்து தெரு வரையில் பாதை வெட்டினோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பூஜ்யத்துக்குக் கீழேயுள்ள குளிரில் முதுகில் வியர்வை ஓடுவது எத்தகைய அதிசயம் என்று அன்றுதான் கண்டோம். அம்மையார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைத் திறந்து, நால்வரையும் உள்ளே அழைத்துச் சூடான முட்டைக்கோஸ் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடித்த பெரும்புயலின் கதையை ஆரம்பித்தார்.

அந்தப் புயலில் பாஸ்டனைச் சுற்றிச் செல்லும் பெருஞ்சாலையில் ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகள் பனியில் புதைந்து நின்றுவிட்டன. பல நாட்கள் தெருக்களில் வண்டி ஓடக்கூடாதென்று உத்தரவு. ஜனங்கள் சறுக்குப் பலகைகளில் பாலும் ரொட்டியும் ஏற்றி இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள் என்றார் அம்மையார். "அந்த ஒரு வாரத்தில்தான் இந்தத் தெருவில் இருக்கிற எல்லோருடைய பெயரும் எனக்குத் தெரிந்தது" என்று அவர் முடித்தபோது, நமக்குள் ஏதோ பளிச்சென்று விளங்கிற்று. அவருடைய பெயரையும் நாம் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

அந்த ஊரில் மற்றொரு வழக்கமும் உண்டு. தெருவோரத்தில் தம் வண்டியைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுத்தவர், வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போவார். 'இவ்விடம் என் உழைப்பு' என்று அதற்கு அர்த்தம். கால் ஒடிந்த நாற்காலி, பழைய வாளி, இஸ்திரிப் பலகை இவையெல்லாம் சிப்பாய்களைப் போல் தெரு நெடுகக் காவல் நிற்கும் காட்சி மகா விநோதமானது. அந்த நாற்காலியை அகற்றிவிட்டு வேறொருவர் தம் வண்டியை நிறுத்தினால் தெருவே அவருக்குப் பகையாகும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நமக்கு அந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்கவில்லை!

2004ஆம் ஆண்டின் பொங்கல் வாரம் இன்னொரு வகையில் மறக்க முடியாதது. அந்த வாரத்தில் பாஸ்டனின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் அப்பால் இறங்கியது. மூக்குக்குள் இருந்த ஈரம் மூச்சை இழுத்ததும் உறைந்து முள்ளாய்க் குத்திற்று. இமைமயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெளியே சூரியன் வெகு பிரகாசமாய் இருந்தான். ஆனால் சித்திரத்தில் எழுதிய தீபம் போல் அவனிடம் வெளிச்சம் இருந்ததே தவிர வெப்பம் இல்லை. நாம் ஜன்னலோரத்தில் பாலைப் பொங்கவைத்து அவனுக்குப் பொங்கலிட்டோம். இங்கே சூரியனைக் கும்பிடும்போது பாதி வழக்கமாகவும் பாதி பயமாகவும் கும்பிடுகிறோம். அங்கே அன்று கும்பிட்டது, 'ஸ்வாமி, சீக்கிரம் திரும்பி வாரும்' என்ற மனப்பூர்வமான விண்ணப்பம்.

அவன் திரும்பி வரும் வழியில் ஒரு தித்திப்பும் உண்டு. பிப்ரவரிக் கடைசியில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் ஆரம்பித்ததும், மேப்பிள் மரத்தில் துளையிட்டு அதன் நீரை இறக்குவார்கள். 40 காலன் நீரைக் காய்ச்சினால் ஒரு காலன் பாகு தேறும். கொதிக்கும் பாகைச் சுத்தமான வெண்பனியின்மேல் ஊற்றினால் அது மிட்டாயாய் இறுகும். குழந்தைகள் குச்சியில் சுற்றித் தின்பார்கள். பனைமரத்திலிருந்து பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் நாட்டிலிருந்து போன நமக்கு, அந்த வாடையைக் கண்டதும் கண் கலங்கிற்று. அங்கேயும் ஒரு பனை, அதுவும் பனியில்!

இவ்வளவு இன்பங்களையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. குளிர் எல்லோருக்கும் சமமாக அடிப்பதில்லை. நாம் கம்பளிக்குமேல் கம்பளியாக வெங்காயம் போல் உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போகும் வழியில், நடைபாதை இரும்புச் சட்டங்களின் ஊடே வெளிவரும் சூடான காற்றுக்காக அவற்றின்மேல் சுருண்டு கிடக்கும் வீடற்ற மனிதர்களைக் கடந்து போவோம். மண்ணுலகத்தில் மிகப் பெரிய செல்வம் குவிந்த தேசத்தில் அந்தக் காட்சி. நம் வீட்டுச் சமையலறையின் சுகம் எதனால் சுகமாயிற்று என்பதை அந்த மனிதர்கள் தினமும் நினைவூட்டினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்குத்தான் குளிர்காலம் ஒரு காவியம்.

* * *

இனி, நமது சென்னைக்கும் அந்த மாகாணத்தின் குளிருக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். அந்த உறவை நாம் கண்டுபிடித்தது புத்தகசாலையில்.

கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலேறினால் கான்கார்டு என்ற ஊரை அடையலாம். ரயில் பாதை வால்டன் என்ற ஒரு குளத்தின் கரையோரமாகவே செல்கிறது. அந்தக் கரையில்தான் ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் 1847 வரையில் குடிசை போட்டுக்கொண்டு தனியே வாழ்ந்தார். அநீதியான அரசாங்கத்துக்கு வரி கொடுக்க மறுத்துச் சிறை சென்றவர் அவர். அதைப் பற்றிய அவருடைய கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது படித்துப் போற்றியது யாவரும் அறிந்ததே. குளக்கரை வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய 'வால்டன்' 1854இல் வெளிவந்தது. ஒரு பனி இரவில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, குளிர்காலக் குளத்தை வருணிக்கும் பக்கத்தில் 'மெட்ராஸ்' என்ற பெயரைக் கண்டு திடுக்கிட்டோம். வெளியே வெண்பனி கொட்டுகிறது. உள்ளே புத்தகத்தில் நமது ஊர்! அன்னிய ஊர்ச் சந்தையில் யாரோ நம் பாட்டனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

விஷயம் இதுதான். பாஸ்டனில் பிரடெரிக் டியூடர் என்றொரு வியாபாரி இருந்தார். உறைந்த குளங்களிலிருந்து ஐஸ் கட்டிகளை வெட்டிக் கப்பலேற்றி உஷ்ண தேசங்களில் விற்கலாம் என்பது அவர் யோசனை. 1806இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு முதல் சரக்கை அனுப்பியபோது ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். நாதனியேல் வையத் என்பவர், குதிரையால் இழுத்து ஐஸை ஒரே அளவுக் கட்டிகளாக அறுக்கும் ஏர் போன்ற கருவியைக் கண்டுபிடித்தபின் வியாபாரம் செழித்தது. 1833இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, அந்தச் சரக்கோடு பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதங்களுக்குப்பின் கல்கத்தாவை அடைந்தது. வழியில் கரைந்தது போக சுமார் 100 டன் மீந்தது! இதை நமது வங்காள நண்பரிடம் சொன்னபோது, "அப்படியானால் இந்தக் குளிரை எங்கள் பாட்டன்மார் ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியாயிற்று, எரிவாயுச் சீட்டில் என் பங்கைத் தள்ளிவிடுங்கள்" என்றார்.

சென்னையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842இல் கடற்கரையோரமாக ஒரு வட்டமான கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்பது அதன் பெயர். வால்டன் குளத்திலேயே 1846-47ஆம் குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் ஐஸ் அறுத்ததைத் தோரோ நேரில் கண்டு எழுதியிருக்கிறார். கரையில் அவர்கள் குவித்த மலை 10,000 டன் என்று மதிப்பிடப்பட்டது. அதில் ஒரு பகுதியையே எடுத்துச் சென்றார்கள். எஞ்சியது இரண்டு கோடைகளைத் தாண்டி நின்று, 1848 செப்டம்பரில்தான் முற்றும் கரைந்ததாம்.

ஐஸ் சென்னைக்கு வந்தது. ஆனால் யாருக்கு வந்தது? துரைமார்களின் விருந்து மேஜைக்கும், மதுக் கோப்பைக்கும், வைத்தியசாலைக்கும் வந்தது. கரையிலிருந்து அந்தப் பாரத்தைத் தலையிலும் தோளிலும் சுமந்து சென்ற ஏழைக் கூலியாளுக்கு, வழியில் சொட்டிய தண்ணீரின் குளிர்ச்சியே பங்கு. பின்னர் இயந்திரத்தால் ஐஸ் செய்யும் வித்தை வந்தது. கப்பல் வியாபாரம் செத்தது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார்.

இங்கேதான் சரித்திரம் ஒரு விளையாட்டு விளையாடியது. 1893இல் விவேகானந்த ஸ்வாமிகளை அமெரிக்காவுக்கு அனுப்ப வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்ற சென்னைப் பள்ளி ஆசிரியர். நம்மைப் போன்ற சொற்ப சம்பளக்காரர்! ஸ்வாமிகள் அவ்வருஷம் ஆகஸ்டில் மாஸசூஸெட்ஸிலிருந்து அவருக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகும் குளிருக்குக் கம்பளி உடை வேண்டியிருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். எந்த மாகாணத்துக் குளிரைப் பற்றி எழுதினாரோ, அந்த மாகாணத்துக் குளிரை அடைத்து வைப்பதற்காகக் கட்டிய வீட்டிலேயே அவர் 1897 பிப்ரவரியில் வெற்றி வீரராகத் திரும்பி வந்து ஒன்பது நாட்கள் தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவைகளுக்குக் கல்வி அளித்த இல்லமும் அங்கே நடந்தது. 1963இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் வீடுகள் மறைந்துவிட்டன. நமது வீடு மட்டும் நிற்கிறது. துரைகளின் தாகத்துக்காகக் கட்டிய இடம், தேசத்தின் தாகத்துக்கு உதவிற்று.

* * *

ஆனால் அந்தக் குளிரின் பிறந்தகம் இப்போது எப்படி இருக்கிறது?

வால்டன் குளத்தில் ஐஸ் உருகி நீர் திறந்த தேதிகளைத் தோரோ குறித்து வைத்திருக்கிறார். 1845இல் ஏப்ரல் 1. 1847இல் ஏப்ரல் 8. 1852இல் ஏப்ரல் 18. பாஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைமாக் முதலிய விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளை இக்காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இப்பொழுது ஐஸ் சுமார் இரண்டு வாரம் முன்பாகவே உருகிவிடுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். பூக்களும் முந்திப் பூக்கின்றன. பாஸ்டனில் 2014-15ஆம் குளிர்காலத்தில் 110 அங்குலம் வெண்பனி விழுந்து ஊரைப் புதைத்தது உண்மையே. ஆனால் 2023-24ஆம் குளிர்காலம் முழுவதிலும் பத்து அங்குலங்கூட விழவில்லை. நாம் 2003இல் இரண்டு நாளில் வாரி எறிந்ததில் பாதியும் இல்லை! ஒருகாலத்தில் உலகத்துக்கே ஏற்றுமதி செய்யும் அளவுக்குக் குளிர் மிகுந்திருந்த அந்தப் பிரதேசத்தில் மற்றப் பருவங்களைவிடக் குளிர்காலமே வேகமாகச் சூடேறி வருகிறது.

இந்தக் கதையை நமது எட்டாம் வகுப்பில் ஒரு நாள் சொன்னோம். வெண்பனித் துகள்களின் படங்களையும் காட்டினோம். வெர்மாண்ட் மாகாணத்தில் வில்சன் பெண்ட்லி என்ற குடியானவர், 1885 ஜனவரியில் முதன்முதலாக ஒற்றைப் பனித்துகளைப் புகைப்படம் எடுத்தார்; வாழ்நாளில் 5,000க்குமேல் எடுத்தார். பெரும்பாலும் தாயாரிடமே வீட்டில் படித்தவர் அவர். ஆறு கை விரித்த அந்தப் படங்களைப் பார்த்ததும் பிள்ளைகள், "நம்ம வாசல் கோலம்!" என்று கூவினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "ஸார், அவங்க குளிரை நமக்குக் கப்பல்ல அனுப்பினாங்களே, நாம நம்ம வெயிலை அவங்களுக்கு அனுப்பினோமா?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழந்தை விளையாட்டாய்க் கேட்டது ஏறக்குறைய நடந்தேவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் இரண்டு நூற்றாண்டுகளாக எரித்த புகை, கப்பல் கூலி இல்லாமலே எல்லா நாட்டு வானத்திலும் போய்ச் சேர்ந்துவிட்டது. வெயிலை அவர்களுக்கு அனுப்பியவர்கள் சென்னைவாசிகள் அல்லர். பெரும்பகுதியை எரித்தது எந்த தேசங்கள் என்பது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஆகாயத்துக்குச் சுங்கச் சாவடி கிடையாது. வால்டனில் ஐஸ் மெலிவதற்கும், நமது பள்ளிகளில் கோடை விடுமுறையைத் தள்ளி வைக்கும்படி வெயில் நீள்வதற்கும் காரணம் ஒன்றே. இவ்வளவையும் அந்தச் சிறுமிக்கு அவள் வயதுக்கேற்பச் சொன்னோம். அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ ரெண்டு பேருக்கும் நஷ்டம்" என்று சொல்லி உட்கார்ந்தாள். கணக்கில் கெட்டிக்காரி.

குளிரை விலைக்கு வாங்கலாம் என்று டியூடர் கண்டுபிடித்தார். இன்று அந்த வியாபாரம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அறைக்கு ஒரு குளிர்சாதனத்தை மாட்டிக்கொண்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஆளுக்கொரு மாஸசூஸெட்ஸில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த யந்திரத்தின் உஷ்ணம் பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி வீசுகிறது. தேவையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அக்கினி நட்சத்திரத்தில் முதியோரையும் குழந்தைகளையும் அது காப்பாற்றுகிறது. ஆனால் விலைக்கு வாங்கிய குளிர் கதவைச் சாத்தச் சொல்கிறது. இயற்கையாய் வந்த குளிர் கதவைத் தட்டச் சொல்லிற்று. மண்வெட்டியோடு இறங்கி அடுத்த வீட்டு மூதாட்டியின் பெயரைக் கேட்க வைத்தது அது. நான்கு மாகாணத்தாரை ஓர் அடுப்பைச் சுற்றி உட்கார வைத்ததும் அதுவே.

பெருமழையில் தெரு முழுகும்போது நமது சென்னையிலும் இதையே காண்கிறோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில், அதுவரை பேசியறியாத மாடி வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்து கொண்டார்கள். அதற்காக வெள்ளம் வரவேண்டுமென்று யாரும் வேண்டுவதில்லை. வெள்ளமும் பனியும் வராத சாதாரண நாளிலேயே அடுத்த வீட்டாரின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது இன்னும் சுலபம், செலவும் இல்லை.

அடுத்த முறை வாசகர்கள் திருவல்லிக்கேணிப் பக்கம் போகும்போது, கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ்!" என்று கூவினால் சற்றே இறங்கிப் பார்க்கலாம். உள்ளே இப்போது ஐஸ் இல்லை. எதிரே கடற்காற்று இருக்கிறது. அதற்கு இன்னும் யாரும் விலை வைக்கவில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து அனுபவித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "இந்த வருஷம் குளிர் ரொம்ப அதிகம், ஸார்!" என்று ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். உஷ்ணமானி என்ன காட்டினாலும் பரவாயில்லை.